ரப்பர் விசை ஈரிறக்கை மாதிரி வானூர்தி

முறுக்கிய ரப்பர் பட்டையின் ஆற்றலால் பறக்கும் சிறு வானூர்தி இது. 1871இல் அல்போன்சு பெனோ பாரிசில் பறக்கவிட்ட ஒற்றை இறக்கை மாதிரி, இவ்விசையால் 11 நொடிகள் பறந்தது.

எடை குறைந்த பால்சா மரக் குச்சிகளை வரைபடத்தின்மேல் ஊசிகளால் நிறுத்தி ஒட்டிச் சட்டகம் செய்வர். அதன்மேல் மெல்லிய தாளைப் போர்த்துவர். இரு இறக்கைகளில் ஒன்று திருகியிருந்தாலும் மாதிரி ஒருபுறம் சாய்ந்து விழும். இதன் மூக்கு பெரும்பாலும் குட்டையானது. எனவே வாலில் கூடும் ஒரு கிராமைச் சமன்செய்ய மூக்கில் பல கிராம் சேர்க்க நேரும். வாலை மிக இலேசாக அமைப்பது இதனால்தான்.

முதலில் ரப்பரை மாட்டி, முறுக்காமல், புல்தரைமேல் மெல்ல எறிந்து சோதிப்பர். மூக்கு நிமிர்ந்து வேகம் இழந்தால் அங்கே சிறிது களிமண் ஒட்டப்படும். சீராகச் சறுக்கி இறங்கிய பின்னரே முறுக்குகளைப் படிப்படியாகக் கூட்டுவர். தொடக்கத்திலேயே முழுமையாக முறுக்கினால், சிறு பிழையும் பல நாள் உழைப்பை நொறுக்கிவிடும்.