ஓரையும் ஆக்கமும்

விளையாட்டினால் உடலும் உள்ளமும் நலம் பெறும் என்பதை இக்கால மருத்துவ நூலார் அளந்து கூறுகின்றனர். அளக்கும் முறை தோன்றுமுன்னரே அக்கருத்துத் தமிழ் மக்களிடை வழங்கிற்றா என்பது ஈண்டு ஆராயப்படுகின்றது. வழங்கிற்று என்பதற்கு நற்றிணை 68ஆம் பாட்டினைச் சான்றாகக் கொள்ளலாம் என்பது என் துணிபு.

முதற்கண் தொல்காப்பியம். மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றுதற்குரிய நிலைக்களங்கள் நான்கனுள் விளையாட்டும் ஒன்றாக ஓதப்பட்டது. செல்வத்தோடும் புலனோடும் புணர்வோடும் அஃது ஒருங்கு வைத்து எண்ணப்பட்டமையும், அவ்வுவகை துன்பம் நீங்கியது என அடைகொடுத்துக் கூறப்பட்டமையும் நோக்கத்தக்கன. கற்பியலோ தலைவனும் தலைவியும் ஊரெல்லை கடந்து ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி மகிழ இடந்தருகின்றது. எனவே, விளையாட்டுச் சிறார்க்கே உரியது என்னும் எண்ணம் பிற்காலத்ததாதல் வேண்டும்.

இனி நற்றிணைக்கு வருவோம். இப்பாட்டைப் பாடியவர் பிரான் சாத்தனார்; திணை குறிஞ்சி. தலைவி இற்செறிக்கப்பட்டாள். தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி பேசுகின்றாள். இளமகளிர் ஆயத்தாரோடு ஓரை ஆடாமல் வீட்டினுள் அடைபட்டிருத்தல் அறமும் ஆகாது, அதனால் ஆக்கமும் குறையும் என்று அன்னைக்குத் துணிந்து எடுத்துரைப்பார் கிடைப்பின், நுரையும் மலரும் கொண்டு வரும் புதுப்புனலில் நெஞ்சம் நிறைய ஆடலாமே என்பது அவள் கூற்றின் பொருள்.

தலைவனைக் காணுதற்குத் தோழி புனைந்த சூழ்ச்சியன்றோ இது, இதனைக் கொண்டு அக்கால மக்களின் கொள்கையை எங்ஙனம் அறிவது என வினவலாம். வினா நேரியதே. ஆயின், அன்னை ஒப்புதற்குரிய காரணத்தைக் காட்டினாலன்றிச் சூழ்ச்சி பயன்படாது. மகளை அடைத்து வைப்பின் குடிக்குக் கேடு வரும் என்னும் நம்பிக்கை தாயர்க்கும் உடன்பாடாக இருந்தமையாலன்றோ தோழி அதனைக் கருவியாகக் கொண்டாள்! பொய்யாகக் கூறப்படும் காரணமே ஊரறிந்த மெய்யைக் காட்டிக் கொடுத்து விடுகின்றது.

ஆக்கம் என்னும் சொல்லுக்குச் செல்வம் எனப் பொருளுரைத்தல் மரபு. அதனை யான் மறுக்கவில்லை. ஆகுதல் என்னும் வினையடியிற் பிறந்த இச்சொல் வளர்ச்சியையும் மேம்பாட்டையும் குறிக்கும். வள்ளுவரும் 457ஆம் குறளில் மனத்தின் நன்மையை உயிர்களின் ஆக்கத்தோடு இயைத்துரைக்கின்றார். உரைகாரர் ஆங்கும் செல்வம் எனவே கொள்ளினும், நற்றிணைப் பாட்டில் அடுத்து நெஞ்சின் நிறைவு பேசப்படுதலின், ஆக்கம் என்பது பொருட்செல்வம் ஒன்றனோடு அமையாமல் இளையோரின் வளர்ச்சியையும் நலத்தையும் தழுவும் எனக் கோடலே பொருந்தும். தோழி வெற்றியைப் பேசவில்லை, போட்டியையும் பேசவில்லை. நெஞ்சு நிறைதல் ஒன்றே அவள் வேண்டும் பயன்.

இப்பாட்டின் நிலத்தைக் கண்ணாற் காண விழைவார் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வடக்கனந்தலுக்குச் செல்லலாம். மேற்கே கல்வராயன் மலை. மலையில் மழை பெய்தால் கோமுகியாற்றில் புதுநீர் வரும். மழை விழும் இடம் வேறு, புனல் பெருகும் இடம் வேறு என்பதை ஆங்குள்ளார் நன்கறிவர். பாட்டிலும் நள்ளிரவில் மின்னி மழை பொழிவது தலைவனது குன்றில். ஆட விழைபவளோ இல்லில் அடைபட்டவள். இன்று அம்மலைநீர் கோமுகி அணையில் தேங்குகின்றது.

அவ்வூர்ப் பக்கத்து மூதாட்டியர் சிலரை யான் வினவியபோது, பாண்டியும் ஓடிப்பிடித்தலும் பூப்பெய்திய ஆண்டோடு நின்றன என்றும், பின்னர்த் திண்ணையிற் பல்லாங்குழியே துணை என்றும் கூறினர். பல்லாங்குழி நினைவையும் கணக்கையும் பயிற்றும் நல்லாட்டம். காலுக்கும் மூச்சுக்கும் அதில் வேலையில்லை. அகநானூற்று 7ஆம் பாட்டில், பருவம் வந்தது, ஆயத்தாரோடு எங்கும் திரியாதே என மகளைத் தடுக்கும் தாயின் குரலும் இம்மூதாட்டியர் கேட்ட குரலும் ஒன்றே.

உலக நலவாழ்வு நிறுவனத்தார் 146 நாடுகளின் மாணாக்கரைப் பற்றிய ஆய்வொன்றை 2019இல் வெளியிட்டனர். 2016ஆம் ஆண்டில் 11 முதல் 17 அகவைக்குட்பட்டாருள் போதிய உடலியக்கம் இல்லாதார் ஆண்பாலாருள் ஏறத்தாழ 78 விழுக்காடு, பெண்பாலாருள் 85 விழுக்காடு என்பது அதன் முடிவு. 5 முதல் 17 அகவையினர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடல் உழைக்க ஆடியோடுதல் வேண்டும் என 2020இல் அந்நிறுவனம் வரையறுத்தது. நெஞ்சப்பைக்கும் எலும்புக்கும் மட்டுமின்றி, கற்கும் திறத்துக்கும் மனநலத்துக்கும் அதனால் நன்மை உண்டு என்றும் கூறிற்று. ஏழு விழுக்காட்டு வேறுபாட்டில் நாடுதோறும் காரணங்கள் பல இருத்தல் கூடும். இற்செறிப்பின் எச்சமும் அவற்றுள் ஒன்றாதல் கூடாதோ?

கல்வராயன் மலையிலும் அடிவாரத்து ஊர்களிலும் மகளிர் ஆடிய புனல்விளையாட்டுகளின் பெயர்களும் முறைகளும், அவை எந்த அகவையில் நிறுத்தப்பட்டன என்பதும், அறிந்தார் உள்ளபோதே தொகுத்தற்குரியன. ஓரை என்பது யாது என்னும் பழைய ஐயத்துக்கும் அத்தொகுப்பில் விடை கிடைத்தல் கூடும்.