'போட்டுக்கொடு' தெரிந்த நமக்கு 'கிவ் அப்' ஏன் கஷ்டம்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். கணக்குகளை ஒருமுறை பார்த்துவிட்டேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, 'ஐ ஓவர்லுக்ட் தி அக்கவுண்ட்ஸ்' என்று எழுதிவிட்டேன். அடுத்த நிமிடமே கூப்பிட்டார். "என்னப்பா, கணக்கைக் கவனிக்காம விட்டுட்டேன்னு நீயே எழுதிக் கொடுத்திருக்கே?" நான் எழுதியிருக்க வேண்டியது 'லுக்ட் ஓவர்'. அதே இரண்டு சொற்கள்தான். இடம் மாறியதும் பொருள் தலைகீழாகிவிட்டது.

பார்க்கப்போனால் இந்த வித்தை நமக்குப் புதுசு இல்லை. 'போட்டுக்கொடு' என்றால் ஒருவரைப் பற்றிக் கோள் சொல்லி மாட்டிவிடுவது. தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அகராதியில் 'போடு', 'கொடு' இரண்டையும் தனித்தனியாகத் தேடினால் இந்தப் பொருள் கிடைக்குமா? கிடைக்காது. நாமும் அப்படித்தான் 'கிவ்', 'அப்' என்று பிரித்துப் பார்த்து முழிக்கிறோம். 'கிவ் அப்' முழுசாக ஒரே சொல், பொருள் 'கைவிடு'. அவ்வளவுதான்.

அதற்காக அந்தக் குட்டிச் சொற்கள் எல்லாம் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல. 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. இங்கே 'அப்' செய்யும் வேலையைத் தமிழில் 'விடு' செய்கிறது. ஆனால் இதைச் சூத்திரமாக வைத்துக்கொள்ள முடியாது. 'லுக் அப்' என்பது அகராதியில் தேடுவது!

ஊருக்கு ஊர் பொருள் மாறுவதும் உண்டு. படிப்பை முடித்ததை நம்மூரில் 'பாஸ்ட் அவுட்' என்போம். ராணுவப் பயிற்சி முடித்தவர்களின் அணிவகுப்புக்கு பிரிட்டனிலும் இந்தியாவிலும் 'பாஸிங் அவுட் பரேட்' என்றே பெயர். ஆனால் ஓர் அமெரிக்கரிடம் 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2015' என்றால், மயங்கி விழுந்தீர்களா என்று பதறுவார். வேலை விண்ணப்பத்தில் 'கிராஜுவேட்டட்' என்று எழுதிவிடுங்கள், வம்பே இல்லை.

நான் இப்போது பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில்லை. படிக்கும்போது கண்ணில் படுவதை முழு வாக்கியமாக ஒரு நோட்டில் எழுதுவேன். பக்கத்திலேயே, அந்த இடத்தில் தமிழில் வாயில் சட்டென்று என்ன வருமோ அதையும் எழுதிவிடுவேன். 'புட் அப் வித் ஹிம்' என்பதற்குப் பக்கத்தில் 'அவனைப் பொறுத்துக்கோ' என்று இருக்கும்.

அந்த நோட்டின் முதல் வரி எதுவென்று சொல்ல வேண்டியதில்லை: 'லுக் ஓவர்'.