தொழிலாளர் கைப்பேசிக்கு ஏற்ற இணையதளம்

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கிய பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆலைகள் பெருகியதோடு, பிற மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி வேலை பார்ப்போரும் பெருகினர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பு மட்டுமே 18,720 பேர் தங்கத்தக்கது. வருங்கால வைப்பு நிதி, ஈஎஸ்ஐ, பாலியல் துன்புறுத்தல் குறித்துப் புகார் செய்யும் முறை ஆகியவற்றை இவர்களுக்கு எடுத்துச் சொல்ல முனையும் தொண்டு நிறுவனம், தன் இணையதளம் ஷிப்ட் முடிந்த வேளையில் விலை குறைந்த கைப்பேசியில்தான் திறக்கப்படும் என்பதை மனத்தில் கொண்டே அதை வடிவமைக்க வேண்டும்.

2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், நிரல் எழுதத் தெரியாத ஊழியரும் செய்தி பதிவேற்ற உதவும் அருமையான கட்டற்ற மென்பொருள். எனினும் அதன் செருகுநிரல்களைத் தொடர்ந்து புதுப்பிக்க ஆளில்லாவிட்டால் ஊடுருவலுக்கு வழி திறந்துவிடும். சட்ட விளக்கம் போல அரிதாகவே மாறும் பக்கங்களுக்கு, ஹ்யூகோ போன்ற கருவியால் பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி வைக்கும் நிலைத்தள முறையே சிறந்தது. தரவுத்தளமே இல்லாததால் பக்கம் விரைவாக வந்து சேர்வதுடன், பராமரித்துவந்த தன்னார்வலர் விலகிய பின்னும் தளம் பழுதின்றி நிற்கும்.

இத்தளத்துடன் சேர்க்கத்தக்க சர்வீஸ் ஒர்க்கர் என்பது, உலாவி தன்னிடம் வைத்துக்கொண்டு பின்னணியில் இயக்கும் சிறு நிரல். ஒருமுறை திறந்த பக்கத்தை அது கைப்பேசியிலேயே சேமித்து, சிக்னல் இல்லாதபோதும் காட்டும். இதற்கு மறையாக்கப்பட்ட இணைப்பு கட்டாயம் என்றாலும், அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகவே தருகிறது. சேமித்த பக்கம் பழைய விதியையே சொல்லிக்கொண்டிருந்தால் தொழிலாளிக்கு இழப்பு நேரும் என்பதால், முதலில் இணையத்தில் புதிய படியைத் தேடி, அது கிட்டாதபோது மட்டும் சேமித்ததைக் காட்டுமாறு நிரல் எழுதுவதும், திருத்திய தேதியைப் பக்கத்தின் தலைப்பிலேயே இடுவதும் அவசியம்.

எழுத்துச் சிக்கல் இன்னும் நுட்பமானது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த துண்டறிக்கையை அப்படியே ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அது ஆங்கில எழுத்துகளின் சிதறலாகத் தெரியும். ஆகவே அதை யூனிகோடுக்கு மாற்றி, வரிவரியாக மெய்ப்புப் பார்த்த பின்பே ஏற்ற வேண்டும். ஆண்ட்ராய்டிலேயே தமிழ் எழுத்துரு இருப்பதால் தனி எழுத்துருவை இறக்க வைப்பது வீண்செலவு. ஒவ்வொரு பக்கத்தின் மொழியையும் நிரலில் குறித்தால், திரைவாசிப்பான் அம்மொழிக் குரலைத் தேர்ந்து படிக்க முடியும். ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வெட்டிய பொத்தானில் ‘விண்ணப்பிக்க’ என்பது பாதியில் அறுபடும் என்பதால், பொத்தானின் அகலத்தை எழுத்தின் நீளத்துக்கே விட்டுவிட வேண்டும்.