முப்பது சிலிண்டர் டாங்கி

இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களின் எஞ்சினில் மூன்றோ நான்கோ சிலிண்டர் இருக்கும். 1942இல் டெட்ராய்டில் கிரைஸ்லர் நிறுவனம் கட்டத் தொடங்கிய எம்4ஏ4 ஷெர்மன் டாங்கியில் முப்பது இருந்தன. அத்தனையும் கார் சிலிண்டர்கள்தான். ஆறு சிலிண்டர் கார் எஞ்சின்கள் ஐந்தை ஒன்றாகப் பிணைத்துச் செய்த எஞ்சின் அது. பெயர் ஏ57 மல்டிபேங்க்.

காரணம் அவசரம். அமெரிக்க நடுத்தர டாங்கிகளில் அதுவரை பொருத்தியது, விமானத்துக்காகப் பிறந்த ரைட் ஆர்-975 எஞ்சின். அதன் ஒன்பது சிலிண்டர்களும் நட்சத்திரம் போல் வட்டமாக நிற்கும். இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது அதே எஞ்சினை விமானங்களும் கேட்டன. புதிதாகப் பெரிய எஞ்சின் ஒன்றை வரைந்து, வார்த்து, கடைந்து, சோதித்து முடிக்க நேரமில்லை. கிரைஸ்லரின் கையில் இருந்தது, கார்களுக்காகச் செய்து பழகிய 4.1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அதைச் செய்யும் இயந்திரங்களும் இருந்தன. அதன் குணம் தெரிந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். இருப்பதைக் கொண்டே செய்வது என்று முடிவெடுத்த அந்தப் பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

ஐந்து எஞ்சின்களையும் ஒரு நடு அச்சைச் சுற்றி விசிறி மட்டைகள்போல் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றின் கிராங்க் ஷாஃப்ட் முனையிலும் ஒரு பல்சக்கரம். ஐந்தும் நடுவிலுள்ள ஒரே பல்சக்கரத்தைக் கடித்துச் சுழற்றும். மொத்தக் கொள்ளளவு 20.5 லிட்டர், நிமிடத்துக்கு 2,400 சுற்றில் சுமார் 370 குதிரைத்திறன். இந்த வகை எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருளை வெடிக்கச் செய்கிறது. அந்த வேகத்தில் முப்பது சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 600 வெடிப்பு!

சிலிண்டர் சிறியதாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. இதன் உள்விட்டம் 87 மில்லிமீட்டர்தான். பிளக்கில் பிறந்த தீ ஓரம்வரை சீக்கிரம் பரவிவிடும், சூடும் எளிதில் வெளியேறும். அதனால் தீ வந்து சேருமுன் எரிபொருள் தானாக வெடித்து எஞ்சின் 'நாக்' அடிக்கும் வாய்ப்பு குறைவு.

தலைவலி வேறிடத்தில் வந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதனதன் பக்கத்திலேயே கார்புரேட்டர், தனித்தனியாக வாட்டர் பம்ப். அடியில் கிடந்த கார்புரேட்டரைக் கைவிட்டுத் தொடுவதே பெரும்பாடு. ஐந்தையும் ஒரே சீராக டியூன் செய்வது அதைவிடக் கடினம். எனவே ஐந்து கார்புரேட்டர்களையும் மேலே கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். ஐந்து பம்புகளுக்குப் பதில் ஒன்றே ஒன்று வைத்தார்கள். ஒரு மெக்கானிக்கின் கை எதுவரை எட்டும் என்று யோசித்த திருத்தங்கள் இவை. என் பார்வையில், ஐந்தை ஒன்றாக்கிய முதல் யோசனைக்கு இவை எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

எஞ்சின் பெருத்ததால் டாங்கியும் நீண்டது. உடல் 28 சென்டிமீட்டர் கூடியது. மற்ற ஷெர்மன்களின் சங்கிலிப் பட்டையில் பக்கத்துக்கு 79 கட்டைகள் என்றால் இதில் 83. எஞ்சின் அறையின் மேல்தகடும் அடித்தகடும்கூடப் புடைத்துக்கொண்டு நின்றன.

1943க்குள் 7,499 எம்4ஏ4கள் தயாராயின. அமெரிக்க ராணுவத்துக்கு இந்தச் சிக்கலான எஞ்சின்மேல் விருப்பமில்லை. பெரும்பாலானவை பிரிட்டனுக்குப் போயின. பிரிட்டன் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினையே மாற்றி, 27 லிட்டர் மீட்டியராக்கி, குரோம்வெல் டாங்கியில் வைத்த நாடு. விசித்திர எஞ்சின் அதற்குப் புதிதல்ல. 'ஷெர்மன் V' என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. அவற்றில் பலவற்றில் 17 பவுண்டர் பீரங்கியைப் பொருத்தி 'ஃபயர்ஃபிளை' ஆக்கியது. 1944இல் நார்மண்டியில் ஜெர்மனியின் டைகர் டாங்கிகளின் கவசத்தைத் துளைத்தது அந்தப் பீரங்கி.

பர்மாவுக்கும் வந்தது ஷெர்மன் V. 1945 தொடக்கத்தில் இந்திய டாங்கிப் படையின் வீரர்கள், வறண்ட நடு பர்மாவின் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மெய்க்டிலா நகரை நோக்கி விரைந்தபோது, அவர்கள் முதுகுக்குப் பின்னால் உறுமியவை இந்த ஐந்து கார் எஞ்சின்களே.