சமய அறிவும் விசுவாசமும்: ஜோன் வெஸ்லி (1703–1791)

மாணவர்களே, வேத வசனங்களை மனனம் செய்வதும் விசுவாசிப்பதும் ஒன்றல்ல. ஜோன் வெஸ்லியின் வாழ்வு இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

குருவானவரின் மகனான இவர், ஒக்ஸ்போர்ட்டில் கற்று 1728இல் தாமும் குருவானார். 1736இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குக் கப்பலில் சென்றபோது புயல் வீசியது. வெஸ்லி மரணத்திற்கு அஞ்சினார். உடன் சென்ற மொறேவிய விசுவாசிகளோ அமைதியாகப் பாடினர். அறிவு இருந்தும் தம்மிடம் இல்லாதது எது என அவர் உணர்ந்தார்.

1738 மே 24இல் இலண்டன் அல்டர்ஸ்கேற் வீதியில் நடந்த கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டது. மீட்பு தம் முயற்சியால் அன்று, கிறிஸ்துவாலேயே என்ற நிச்சயத்தை வெஸ்லி அங்கு பெற்றார். மறு வருடமே சுரங்கத் தொழிலாளரிடம் சென்று திறந்த வெளியில் பிரசங்கித்தார். மெதடிஸ்த மிஷனரிமார் 1814இல் இலங்கை வந்தனர்.

விடையில் ஆண்டுகளுடன் நிற்காது, இம்மாற்றத்தையும் விளக்குங்கள். அதே கேள்வியை உங்களிடமும் கேட்டுப் பாருங்கள்; அதற்குப் புள்ளி கிடையாது.