கதை இலவசம்... சரித்திரத்துக்கு 800 ரூபாய்!

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூட்டு. அப்புறம் பிரியாணி. ரொம்ப யோசித்தால், பழநிக்குப் போகிற வழியில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தும் ஊர். அவ்வளவுதானே? ஊருக்குள் நுழையும்போதே ஒரு மொட்டைப் பாறையும், அதன் தலையில் ஒரு கோட்டையும் கண்ணில் பட்டிருக்கும். 'ஓ... கோட்டையா' என்று சொல்லிவிட்டு மறுபடி செல்போனில் குனிந்திருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. இந்தியாவில் முக்கால்வாசிப் பேர் கோட்டைகளைப் பார்ப்பது இப்படித்தான்.

அந்தப் பாறையை அரை நாள் பக்கத்தில் போய்ப் பார்க்கிற சான்ஸ் எனக்குக் கிடைத்தது. அதற்குக் காரணம் சாணார்பட்டியில் நடந்த ஒரு காதுகுத்து.

சாணார்பட்டி, திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற ரோட்டில் இருக்கிறது. காலையில் கோயிலில் காது குத்தி முடித்துவிட்டார்கள். கிடா விருந்து மதியம் இரண்டு மணிக்கு. நடுவில் கிடைத்த நேரத்தில் கோட்டையைப் பார்த்துவிடலாம் என்று நானும் அத்தை பையனும் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து பெஞ்சில் வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"கோட்டைக்கா தம்பி? நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். முப்பது வருஷம் சரித்திர வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். அரை நாளைக்கு எண்ணூறு ரூவா. ஆட்டோ தனி."

"எண்ணூறா? கதை சொல்றதுக்கா சார்?" என்றான் அத்தை பையன். சென்னையில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் வேலை. பேரம் பேசாமல் மூச்சுகூட விடமாட்டான்.

"கதைக்கு நான் காசு வாங்குறதில்லை. அது இலவசம். ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நான் காசு வாங்குறது சரித்திரத்துக்கு. ஒவ்வொண்ணும் சொல்றப்போ இது எந்தக் கணக்குன்னு சொல்லிப்புடுவேன்."

கைடுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு ஊரில் ஒருவர், சுவரில் இருந்த ஒரே ஓட்டையைக் காட்டி ராணி எட்டிப் பார்த்த ஜன்னல் என்றார். எங்களுக்குப் பின்னால் வந்த கோஷ்டியிடம் அதையே பீரங்கி வைத்த இடம் என்றார். இப்படித் தன் சரக்கைத் தானே தரம் பிரித்து விற்கிற ஆளை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஆட்டோவில் ஏறிவிட்டோம்.

நத்தம் ரோட்டில் திண்டுக்கல்லை நோக்கிப் போகும்போது இடது பக்கம் சிறுமலை கூடவே வந்தது. "அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிட்டுப் போறப்ப விழுந்த துண்டுதான் இதுன்னு சொல்லுவாங்க. இது இலவசம்" என்றார் வாத்தியார். "இந்த மலைல விளையுற வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு குடுத்திருக்காங்க. விருப்பாட்சி பழத்துக்கும் உண்டு. அது காசு."

"சார், வாழைப்பழத்துக்கெல்லாமா காசு?"

"சேத்துத்தான் எண்ணூறு."

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் பாறையிலேயே வெட்டிய படிகள். முதல் ஐம்பது படிவரை அத்தை பையன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். அடுத்த ஐம்பதில் பாட்டு நின்றது. அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. வாத்தியார் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிளாஸ் ரூமில் நடக்கிற மாதிரி நடந்தார்.

"தூரத்துலேர்ந்து பாத்தா பாறை சாயுற திண்டு மாதிரி தெரியுதுல்ல? திண்டு, கல்லு. அதான் திண்டுக்கல்லு. பழைய பேரு பத்மகிரி. மதுரை நாயக்கர்கள்ல முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்துல, 1605-ல கோட்டை வேலை ஆரம்பிச்சது. திருமலை நாயக்கர் இன்னும் பலப்படுத்துனாரு."

கோட்டைச் சுவரில் கை வைத்து நின்றேன். கைக்குப் பக்கத்திலேயே ஒரு இதயம், அதில் ஒரு அம்பு, இரண்டு பக்கமும் இரண்டு பெயர்கள். நானூறு வருஷச் சுவரில் ஆணியால் கீறியிருக்கிறார்கள். வாத்தியார் அதைத் தடவிப் பார்த்தார். "இதுங்க ரெண்டும் சேந்துச்சா இல்லையான்னுகூடத் தெரியாது. சுவரு மட்டும் போச்சு."

மேலே வீரர்கள் தங்கிய கட்டடங்களின் இடிபாடுகள், ஆயுதக் கிடங்கு, மழைத் தண்ணீரைத் தேக்குகிற சுனைகள். காற்று ஆளைத் தள்ளியது. ஒரு நிழலில் உட்கார வைத்துவிட்டு வாத்தியார் ஆரம்பித்தார். ஆபீஸில் குப்பை கொட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு ரொம்பப் பிடிக்கிற கதை. ஸாரி, சரித்திரம்.

"தம்பி, உங்க ஆபீஸ்ல வேண்டாத ஆளை எங்க தூக்கிப் போடுவாங்க?"

"தண்ணியில்லாக் காட்டுக்கு சார்."

"அந்த மாதிரி ஒரு போஸ்டிங்னு வச்சுக்கோங்க. அப்போ திண்டுக்கல்லு மைசூர் கையில இருந்துச்சு. இங்க இருந்த பாளையக்காரங்க கப்பம் கட்டாம முறைச்சுக்கிட்டு நின்னாங்க. 1755-ல ஒரு ஆளை ஃபவுஜ்தாரா போட்டு அனுப்புனாங்க. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா கெட்டிக்காரன். இங்க வந்து பிரெஞ்சுக்காரங்க உதவியோட பீரங்கி, துப்பாக்கி, ஆயுதச் சாலைன்னு தனியா ஒரு பட்டாளத்தையே தயார் பண்ணிட்டான். ஆறே வருஷம். 1761-ல மைசூர் ராஜ்ஜியமே அவன் கைக்குள்ள! அவன்தான் ஹைதர் அலி."

அத்தை பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். போன மாசம்தான் அவனை வேறு பிராஞ்சுக்கு மாற்றியிருந்தார்கள். முகத்தில் சட்டென்று ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். அந்தக் கம்பெனி கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

அதற்கப்புறம் கோட்டை பட்ட பாடு பெரிய பாடு. 1767-ல் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்தது. அடுத்த வருஷமே விட்டது. 1783-ல் மறுபடி பிடித்தது. 1784 மங்களூர் ஒப்பந்தத்தில் திப்புவுக்குத் திருப்பிக் கொடுத்தது. 1790-ல் மூன்றாவது தடவை பிடித்ததுதான் கடைசி. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

"எங்க ஊர் வாய்க்கா வரப்புத் தகராறு மாதிரியே இருக்கே சார்!"

"அதேதான். ஆனா இங்க வக்கீல் பீஸு உசிரு."

உச்சியில் ஒரு கற்கோயில். அழகான தூண்கள், மண்டபம். கருவறையில் எட்டிப் பார்த்தால் சாமி இல்லை. பத்மகிரிநாதரும் அபிராமியும் இப்போது கீழே ஊருக்குள் இருக்கிற அபிராமி அம்மன் கோயிலில்தான் அருள் பாலிக்கிறார்கள். இருட்டில் வௌவால் நாற்றத்தோடு காலியாகக் கிடக்கிற கருவறைக்கு முன்னால் நின்றால், நாத்திகனுக்குக்கூடப் பேச்சு அடங்கிவிடும். அத்தை பையன் மட்டும் மெதுவாகக் கேட்டான். "சார்... இங்கேயிருந்து மதுரைக்குச் சுரங்கப்பாதை போகுதாமே?"

வாத்தியார் சிரித்தார். "எந்த ஊர் கோட்டைலதான் தம்பி சுரங்கப்பாதை இல்ல? நான் பாத்த கோட்டையில எல்லாம் ஒண்ணு சொல்றாங்க. எல்லாத்தையும் சேத்தா தமிழ்நாட்டுல மெட்ரோ ரயிலே தேவைப்படாது. இலவசம்!"

வேலு நாச்சியார் விஷயத்துக்கு வந்ததும் அவர் குரல் மாறியது. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்ட பிறகு, சிவகங்கை ராணி தன் மகள் வெள்ளச்சியோடு தப்பி வந்தது இந்தத் திண்டுக்கல் சீமைக்குத்தான். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். ஹைதர் அலி படை உதவி செய்தார். எட்டு வருஷம் காத்திருந்து 1780-ல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்தார் ராணி. 2008-ல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டார்கள்.

"ஹைதர்கிட்ட உருதுலயே பேசி அசத்துனாங்கன்னு சொல்றாங்களே சார்?"

"பல மொழி படிச்ச அம்மாதான். ஆனா அந்தப் பேச்சை நான் பக்கத்துல நின்னு கேக்கலையே. இலவசத்துலயே வச்சுக்கோங்க. எட்டு வருஷம், தம்பி! புருஷனைப் பறிகொடுத்துட்டு, கைல பொண்ணு, ராஜ்ஜியம் இல்ல. தினம் காலைல எந்திரிச்சு 'இன்னிக்காவது படை வருமா'ன்னு பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்கள்ல? அதைவிடவா உருது பெருசு?"

இறங்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வெயில் பாறையில் பட்டு முகத்தில் அறைந்தது. அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன். திப்புவின் வீரர்கள் வைத்துக் கும்பிட்ட அம்மன் என்பது ஊர் வழக்கு. (இலவசம். ஆனால் வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார்.) அங்கிருந்து பேகம்பூர். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருக்கிற இடம். அவர் பெயரால்தான் அந்தப் பகுதியே பேகம்பூர் ஆனது. பள்ளிவாசல் நிழலில் ஐந்து நிமிஷம் நின்றோம். அண்ணனுக்கு மைசூர் கிடைத்தது. தங்கைக்குத் திண்டுக்கல்லே சொந்த ஊராகிவிட்டது.

அத்தை பையன் வாட்ச்சைப் பார்க்க ஆரம்பித்தான். "மாப்ளே, பன்னிரண்டே முக்கால். இப்பக் கிளம்புனாத்தான் முதல் பந்தி. நல்லி எலும்பெல்லாம் முதல் பந்தியிலேயே போயிரும்டா."

வாத்தியார் ஆட்டோவில் ஏறவில்லை. "இன்னும் ஒரு இடம் இருக்கு. கோபாலசமுத்திரக் குளம். அதுக்கு வரலைன்னா எனக்குக் காசு வேணாம். நீங்க போயிட்டு வாங்க. நான் பஸ்ஸைப் பிடிச்சுக்கிறேன்."

கோபத்தில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. அத்தை பையன் என்னைப் பார்த்தான். நல்லி எலும்பைத் தியாகம் பண்ணினான் என்று அவன் சார்பில் இங்கே பதிவு செய்கிறேன்.

குளம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கரையில் 108 விநாயகர் கோயில். பக்கத்தில் பைக்குகள், கடைகள், ஹாரன் சத்தம். டூரிஸ்ட் என்று யாரும் இல்லை. நாங்கள் மூன்று பேர்தான்.

"வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் குடுத்த கோபால நாயக்கர் அதோட நிக்கலை. மருது சகோதரர்கள், கொங்கு நாடு, கன்னடத்துல துந்தாஜி வாக்னு ஒவ்வொருத்தரா ஆள் அனுப்பிச் சேத்தாரு. 1800 ஜூன் மாசம் கோயமுத்தூர்ல இருந்த கம்பெனி முகாமைத் தாக்குறதுக்குத் திட்டம் போட்டாங்க. அது சரியா வரலை. அடுத்த வருஷம் கம்பெனிப் படை விருப்பாட்சிக்கே வந்துருச்சு. 1801-ல இவரைப் பிடிச்சுத் தூக்குல போட்டாங்க. அதே வருஷம் அக்டோபர்ல மருது சகோதரர்கள். நவம்பர்ல ஊமைத்துரை. வேலூர்ப் புரட்சி 1806-ல. சிப்பாய்க் கலகம் 1857-ல. கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டேன். ஐம்பத்தாறு வருஷம் முந்தி.

"நான் வாத்தியாரா இருந்தப்ப பாடப் புஸ்தகத்துல இவருக்கு எத்தனை வரி கிடைக்கும்னு வருஷா வருஷம் பாப்பேன். பசங்ககிட்ட நானே ஒரு பீரியடு எடுத்துருவேன். பரீட்சைக்கு வராது சார்னு எந்திரிச்சுச் சொல்லுவானுங்க."

"இந்தக் குளக்கரையிலதான் தூக்குல போட்டாங்களா சார்?" என்றான் அத்தை பையன். காலையிலிருந்து அவன் பேரமில்லாமல் கேட்ட முதல் கேள்வி.

வாத்தியார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல நேரமானது. எங்களை இங்கே கொண்டு வருவதற்காகக் கூலியையே விடத் தயாராக இருந்த மனிதர். 'ஆமா, இதே இடம்தான், இதோ இந்த மரம்தான்' என்று சொல்லியிருந்தால் நாங்கள் மறுபேச்சுப் பேசாமல் நம்பியிருப்போம். போட்டோகூட எடுத்திருப்போம்.

"தூக்குல போட்டது காசு" என்றார். "இந்த இடம்தான்கிறது... ஊர்ல வழிவழியாச் சொல்றது. எங்க தாத்தாவும் சொன்னாரு. இலவசம்தான்."

சாணார்பட்டிக்குத் திரும்பும்போது மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. ரசமும் ரத்தப் பொரியலும் மிச்சம். அத்தை பையன் வாய் திறக்காமல் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவிவிட்டு வந்து, செல்போனில் வாத்தியாருக்கு எண்ணூறு அனுப்பினான். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அக்கவுண்ட்ஸ் ஆள்.

நீங்கள் போவதாக இருந்தால்: வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடுங்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம். படியில் இறங்கும்போது வழுக்காத செருப்பு முக்கியம். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த அந்தப் பூட்டை வாங்க நினைத்தால், ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் வாங்காதீர்கள்; நிதானமாகக் கடையில் நாலு சாவியாவது போட்டுத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

விருப்பாட்சியை நாங்கள் பார்க்கவில்லை. ஒட்டன்சத்திரம் தாண்டி, பழநி போகிற வழியில் இருக்கிறது. கோபால நாயக்கருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. பக்கத்தில் தலையூத்து அருவி. கிளம்பும்போது வாத்தியாரிடம் கேட்டேன்.

"அது ஒரு முழு நாள் ஆகும் தம்பி. ரேட்டு ஆயிரத்து அறுநூறு" என்றவர், அத்தை பையனைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். "அருவி இலவசம்."