முன்னறிவிப்பு மழையை முந்த வேண்டும்

விடிவதற்குச் சற்று முன்பு திடீரென்று காற்று கிளம்பி, காயப்போட்ட துணிகளைச் சுருட்டி, பின்னாலேயே மழை கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சுமத்ரா சூறைக்காற்று என்பது இதுதான். சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் இடிமேகங்கள் வரிசைகட்டிக் கிளம்பி, கிழக்கே நகர்ந்து தீபகற்ப மலேசியாவையும் சிங்கப்பூரையும் கடக்கின்றன. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இது அடிக்கடி வரும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசலாம். பிறந்த சில மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அதைக் கணிக்கும் கணினி காலை ஒன்பது மணிக்குக் கணக்கை முடித்தால், விடை எவ்வளவு துல்லியமாக இருந்து யாருக்கு என்ன பயன்?

வானிலைக் கணினி மாதிரி, வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் எப்படி மாறும் என்று சின்னச் சின்னக் கால அடிகளில் கணக்கிடுகிறது. கட்டத்தின் பக்கம் 27 கிலோமீட்டர் என்றால் சிங்கப்பூர்த் தீவு ஏறக்குறைய இரண்டே கட்டங்களில் அடங்கிவிடும். ஈசூனில் மழை, சாங்கியில் வெயில் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இடிமேகம் தெரிய வேண்டுமானால் கட்டம் சில கிலோமீட்டராகச் சுருங்க வேண்டும். அதற்கு விலை உண்டு. பக்கத்தை மூன்றில் ஒன்றாக்கினால் கட்டங்கள் 9 மடங்கு, கால அடிகள் 3 மடங்கு, ஆக வேலை 27 மடங்கு. மறுபடியும் மூன்றில் ஒன்றாக்கினால் 729 மடங்கு!

ஆகவே எல்லா இடத்தையும் நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. பெரிய வலைக்குள் சிறிய வலையை, அதற்குள் இன்னும் சிறிய வலையை வைக்கிறார்கள். பல நாடுகளில் பயன்படும் டபிள்யூஆர்எஃப் என்ற அமெரிக்க மாதிரியில் 27, 9, 3 கிலோமீட்டர் என்று இறங்குவது வழக்கமான அமைப்பு. கிலோமீட்டரை ஆறால் பெருக்கினால் கால அடி எத்தனை விநாடி என்பது உத்தேசமாகக் கிடைக்கும். வெளிவலை 162 விநாடி முன்னேறி, எல்லையில் என்ன காற்று வருகிறது என்று சொல்கிறது. அதை வைத்து உள்வலை 54 விநாடி அடியாக மூன்று அடி நடந்து, தான் கண்டதை வெளிவலைக்குத் திருப்பித் தருகிறது. எல்லா மாதிரியும் இப்படித் திருப்பித் தருவதில்லை. பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்துடன் சேர்ந்து சிங்கப்பூர் உருவாக்கிய 1.5 கிலோமீட்டர் ‘சிங்-வி’ மாதிரி, எல்லை விவரங்களை ஐரோப்பிய மையத்தின் உலக மாதிரியிடமிருந்து வாங்கிக்கொள்வதோடு சரி.

இவ்வளவு கணக்கையும் ஆயிரக்கணக்கான புரோசசர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள். ஆளைக் கூட்டினால் வேலை விரைவாக முடியும் என்றுதான் நமக்கும் தோன்றும். தைப்பூச அன்னதானச் சமையல்கட்டில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரு மூட்டை வெங்காயத்தை நான்கு பேர் உரிக்கலாம். நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும்.

கணக்காகவே பார்ப்போம். 320-க்கு 320 கட்டங்கள் கொண்ட உள்வலை ஒன்றை 1,024 புரோசசர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 10-க்கு 10, அதாவது 100 கட்டங்கள் வரும். ஆனால் பக்கத்துக் கட்டத்தின் காற்று தெரியாமல் தன் கட்டத்தைக் கணக்கிட முடியாது. சுற்றிலும் மூன்று வரிசை தேவை என்று வைத்துக்கொண்டால், 156 கட்டங்களின் விவரத்தை அண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்க வேண்டும். சொந்த வேலையைவிடக் கடன் வாங்கும் வேலை அதிகம்!

இப்போது இதே அளவில் நான்கு உள்வலைகள் இருப்பதாக நினையுங்கள்: நீரிணைக்கு ஒன்று, கிள்ளான் பள்ளத்தாக்குக்கு ஒன்று, கிளந்தானுக்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று. எல்லாப் புரோசசர்களும் கூடி ஒவ்வொன்றாக முடித்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புரோசசர் 400 கட்டங்களைக் கணக்கிட்டு, 624 கட்டங்களின் விவரத்தைக் கேட்டு வாங்குகிறது. மாறாக, வலைக்கு 256 புரோசசர்கள் எனப் பிரித்து நான்கையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஆளுக்கு 20-க்கு 20. கணக்கிடுவது அதே 400, கேட்டு வாங்குவது 276 மட்டுமே.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஐபிஎம் நிறுவனத்தின் இந்திய ஆய்வுக்கூடமும் சேர்ந்து இந்த வழியைச் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டன. ஐபிஎம் புளூ ஜீன் கணினிகளில் டபிள்யூஆர்எஃப் மாதிரியை ஓட்டியபோது 33 விழுக்காடு வரை வேகம் கூடியது. அடிக்கடி பேசிக்கொள்ளும் புரோசசர்களைக் கணினியின் இணைப்பு வலையில் பக்கத்துப் பக்கத்தில் அமர்த்தியபோது மேலும் 7 விழுக்காடு வரை கிடைத்தது. புதிய கணினி எதுவும் வாங்காமல் கிடைத்த இலாபம் இது.

நடைமுறையில் உள்வலைகள் இப்படிச் சம அளவில் வாய்ப்பதில்லை. நான்கில் ஒன்று பின்தங்கினால் மற்ற மூன்றும் காத்திருக்க வேண்டும். அதனால் எந்த வலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுத்தான் புரோசசர்களை ஒதுக்குகிறார்கள். பரப்பு மட்டும் போதாது, நீள அகல விகிதத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தத் தலைவலியை லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1922-லேயே கற்பனையில் கண்டிருந்தார். கணினியே இல்லாத காலம். 64,000 மனிதர்கள் ஒரு பிரம்மாண்ட மண்டபத்தில் அமர்ந்து உலக வானிலையைக் கணக்கிடுவதாக எழுதினார். நடுவில் நிற்கும் தலைவர், முந்தி ஓடும் பகுதியின்மேல் இளஞ்சிவப்பு ஒளியும் பின்தங்கும் பகுதியின்மேல் நீல ஒளியும் பாய்ச்சுவாராம்.

மிச்சமாகும் நேரத்தை வானிலையாளர்கள் சும்மா விடுவதில்லை. தொடக்க நிலையைச் சற்றே மாற்றி அதே கணக்கை மறுபடியும் ஓட்டுகிறார்கள். பத்து ஓட்டத்தில் எட்டு, சூறைக்காற்று ஆறு மணிக்கு வரும் என்று காட்டினால், ஐந்து மணிக்கே துணிந்து எச்சரிக்கை விடலாம்.